கரும்பைத் தடுக்க வரவில்லை

(பொங்கல் விடுமுறைக்கு முன்பாகப் பாப்பிரெட்டிப்பட்டியில் பெற்றோர்களிடமும் ஆசிரியர்களிடமும் பல் மருத்துவர் ஒருவர் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



பொங்கலுக்கு முன்னால் பல் மருத்துவர் ஒருவரை மேடையேற்றினால் என்ன பேசுவார் என்று உங்களுக்குத் தெரியும். கரும்பைக் கடிக்காதே, அதிரசத்தைத் தொடாதே, பொங்கலில் வெல்லத்தைக் குறை. அப்படிப் பேசிவிட்டு இந்த ஊரிலிருந்து நான் நல்லபடியாக வீடு போய்ச் சேர முடியுமா? சுற்றிலும் கரும்புக் காடு. கோபாலபுரத்தில் சர்க்கரை ஆலை. கடத்தூர்ப் பக்கம் போனால் வெல்லம் காய்ச்சும் கொப்பரைகள். இங்கே வந்து இனிப்பே கூடாது என்பது, வாணியாற்றங்கரையில் நின்றுகொண்டு தண்ணீரே ஆகாது என்பது போலத்தான். நான் கரும்பைத் தடுக்க வரவில்லை. எவ்வளவு தின்றோம் என்பதைவிட எத்தனை தடவை தின்றோம் என்பதுதான் பல்லுக்குக் கணக்கு. இந்த ஒன்றைச் சொல்லத்தான் வந்தேன். தருமபுரி மாவட்டத்துக்காரர்களிடம் பேசும்போது தண்ணீரைப் பற்றியும் பேசாமல் இருக்க முடியாது. அதைப் பிறகு சொல்கிறேன்.

நம் வாயில் கிருமிகள் குடியிருக்கின்றன. பல் துலக்கினாலும் குடியிருக்கும், துலக்காவிட்டால் கூட்டமாகக் குடியிருக்கும். நாம் ஒரு துண்டு இனிப்பை வாயில் போட்டதும் அவையும் அதில் பங்கு எடுத்துக்கொண்டு அமிலத்தை விடுகின்றன. சில நிமிடங்களில் பல்லின் மேற்பரப்பு புளித்துப்போகிறது. ராபர்ட் ஸ்டீபன் என்ற அமெரிக்கர் 1940-களில் இதை அளந்து வரைபடமாகவே போட்டார். அமிலநிலையைக் காட்டும் pH எண் 5.5-க்குக் கீழே இறங்கினால் பல்லின் எனாமலிலிருந்து சுண்ணாம்புச் சத்து கரையத் தொடங்கும். பிறகு எச்சில் ஊறி ஊறி அந்தப் புளிப்பைக் கழுவி, கரைந்த சத்தில் ஒரு பகுதியைத் திருப்பிக் கொண்டுவந்து பதிக்கும். இதற்கு அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம்வரை ஆகும். எச்சிலை நாம் மதிப்பதே இல்லை. வாயில் இருக்கிற ஒரே இலவச மருத்துவர் அதுதான்.

மஞ்சள் வேக வைத்துக் களத்தில் காயப்போட்டவர்கள் இங்கே நிறையப் பேர் இருப்பீர்கள். ஒரு நாள் ஒரு மழை பெய்து, மறுநாளிலிருந்து நல்ல வெயில் அடித்தால் மஞ்சள் தப்பித்துவிடும். மணிக்கு ஒரு தூறல் போட்டுக்கொண்டே இருந்தால்? மொத்தத்தில் பெய்த தண்ணீர் குறைவாக இருக்கலாம், ஆனால் மஞ்சள் கெட்டது கெட்டதுதான். பல்லும் அப்படியே. சாப்பாட்டோடு இரண்டு அதிரசம் தின்றவனுக்கு ஒரு மழை. அதே இரண்டு அதிரசத்தைப் பிட்டுப் பிட்டுக் காலையிலிருந்து சாயங்காலம்வரை வாயில் போட்டவனுக்கு நாள் முழுக்கத் தூறல்.

இது என் சொந்தச் சரக்கு அல்ல. ஸ்வீடனில் லுண்ட் நகரத்துக்குப் பக்கத்தில் விப்பெஹோல்ம் என்றொரு மருத்துவமனை இருந்தது. மனவளர்ச்சி குன்றியவர்களை வைத்துப் பராமரித்த இடம். 1940-களின் பிற்பகுதியில் அங்கே இருந்தவர்களுக்கு வேண்டுமென்றே இனிப்பு கொடுத்துப் பார்த்தார்கள். ஒரு கூட்டத்துக்குச் சாப்பாட்டோடு, இன்னொரு கூட்டத்துக்குச் சாப்பாட்டுக்கு இடைப்பட்ட நேரத்தில் பல்லில் ஒட்டும் மிட்டாய். சாப்பாட்டோடு இனிப்பு தின்றவர்களுக்குச் சொத்தை அவ்வளவாகக் கூடவில்லை. இடையிடையே ஒட்டும் மிட்டாய் தின்றவர்களின் பற்கள் நாசமாயின. வேண்டாம் என்று சொல்லத் தெரியாத மனிதர்களின் வாயில் செய்த சோதனை அது. இன்று எந்த நாட்டிலும் அதற்கு அனுமதி கிடைக்காது, கிடைக்கவும் கூடாது. ஆனாலும் பல் மருத்துவப் பாடப் புத்தகத்தில் அவர்கள் கொடுத்த விலையில்தான் இந்தப் பாடம் எழுதப்பட்டிருக்கிறது. அதைச் சொல்லாமல் பாடத்தை மட்டும் எடுத்துக்கொள்வது எனக்குச் சரியாகப் படவில்லை.

இப்போது நம் வீட்டுப் பொங்கலைப் பார்ப்போம். திருப்பூரிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் ஓசூரிலிருந்தும் பிள்ளைகள் வந்து இறங்குகிறார்கள். பொம்மிடியிலும் மொரப்பூரிலும் ரயில் நின்றால் பெட்டியைவிடப் பலகாரப் பைதான் முதலில் இறங்குகிறது. அன்றிலிருந்து காணும் பொங்கல் முடியும்வரை கூடத்தில் ஒரு தட்டு உட்கார்ந்திருக்கும். முறுக்கு, எள்ளுருண்டை, கடலை உருண்டை, கடையில் வாங்கிய மைசூர்பாகு. வாசலுக்குப் போகிறவன் ஒன்று, உள்ளே வருகிறவன் ஒன்று. பிள்ளைகள் கரும்புத் துண்டைக் கையில் வைத்துக்கொண்டே தெருவெல்லாம் சுற்றுகிறார்கள். பெரியவர்களுக்கு வேறு வகை. சொந்தக்காரர் வீடு ஒவ்வொன்றிலும் சர்க்கரை போட்ட காபி. வேண்டாம் என்றால், "ஏங்க, எங்க ஊட்டுல குடிக்க மாட்டீங்களா?" என்று ஒரு கேள்வி. அதற்குப் பதில் சொல்வதைவிடக் குடித்துவிடுவது சுலபம்.

அந்தத் தட்டைக் கூடத்திலிருந்து எடுத்துச் சமையலறையில் மூடி வையுங்கள். நான் கேட்பது அவ்வளவுதான். மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் எடுத்து வையுங்கள், வயிறு நிறையத் தின்னட்டும். கரும்பையும் அப்போதே வெட்டிக் கொடுங்கள். ஒரே உட்காரலில் ஒரு முழக் கரும்பைத் தின்று முடித்து, வாய் கொப்பளித்துவிட்டு எழுந்து போகிற பிள்ளையைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. அரைத் துண்டை அந்திவரை சப்பிக்கொண்டிருக்கிற பிள்ளையைப் பற்றித்தான் கவலை.

கரும்பின் நார் பல்லைத் தேய்த்துச் சுத்தம் செய்துவிடும் என்று ஒரு பேச்சு உண்டு. நார் தேய்ப்பது உண்மை. ஆனால் தேய்க்கும்போதே சர்க்கரைச் சாறும் பல்லிடுக்கு முழுக்க இறங்குகிறதே! சிமெண்ட் வைத்து அடைத்த பல், கேப் போட்ட பல் இருப்பவர்கள் அந்தப் பக்கம் வைத்துக் கரும்பைக் கடித்து உரிக்க வேண்டாம். தை மாதத்தில் கழன்று விழுந்த கேப்பைக் காகிதத்தில் மடித்துக் கொண்டுவருகிறவர்கள் அதிகம். அரிவாளால் தோலைச் சீவி, சின்னத் துண்டாக்கி மெல்லலாம்.

வெல்லம் நாட்டுச் சரக்கு, அதனால் பல்லுக்கு ஒன்றும் செய்யாது என்றும் நினைக்கிறோம். வெல்லத்திலும் பெரும்பகுதி சர்க்கரைதான். கிருமிக்கு வெள்ளையும் தெரியாது, பழுப்பும் தெரியாது. முறுக்குக்கு ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். இனிப்பு இல்லாததால் அதன்மேல் யாருக்கும் சந்தேகம் வருவதில்லை. ஆனால் மாவு கூழாகிக் கடைவாய்ப் பல்லின் பள்ளத்தில் அப்பிக்கொண்டால் மணிக்கணக்கில் கிடக்கும். எச்சில் அந்த மாவைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சர்க்கரையாக்கிக் கொடுக்க, கிருமி அதையும் தின்னும். பாக்கெட் சிப்ஸ் இன்னும் மோசம்.

அந்தக் கடைவாய்ப் பல் எது என்று தாய்மார்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். ஆறு வயதில், பால் பல் எதுவும் விழாமலேயே, கடைசிப் பால் பல்லுக்குப் பின்னால் ஒரு பெரிய பல் சத்தமில்லாமல் முளைக்கும். எதுவும் விழவில்லையே, இதுவும் பால் பல்தான், விழுந்து முளைக்கும் என்று வீட்டில் விட்டுவிடுகிறார்கள். அது நிலைப்பல், போனால் வராது. மேலே இரண்டு, கீழே இரண்டு. முளைத்த புதிதில் பள்ளமும் மேடுமாக இருக்கும், முறுக்கு மாவு போய் உட்கார அதைவிட வசதியான இடம் வாயிலேயே கிடையாது. விடுமுறைக்குப் பிள்ளை வீட்டில்தானே இருக்கிறது? ஒரு நாள் வெளிச்சத்தில் வாயைத் திறக்கச் சொல்லிப் பாருங்கள். பள்ளத்தில் கறுப்பாகப் புள்ளி தெரிந்தால் வலி வரும்வரை காத்திருக்காதீர்கள். பள்ளம் ஆழமாக இருந்தால் சொத்தை விழும் முன்பே மேலே மெல்லிய பூச்சு வைத்து அடைத்துவிடலாம். ஊசியும் இல்லை, குடைவதும் இல்லை.

ராத்திரியில் எச்சில் சுரப்பு குறைந்துவிடும். அதனால் காலையில் துலக்குவதைவிட இரவில் துலக்குவது முக்கியம். திருவிழா நாட்களில் முதலில் தவறுவதும் அதுதான். டிவியில் படம் பார்த்துக்கொண்டே பிள்ளை தூங்கிப்போகும், கன்னத்துக்குள் கடலை உருண்டை. தூக்கிப் பாயில் போடும் முன் வாயைக் கழுவித் துலக்கிவிடுங்கள், அழுதாலும் பரவாயில்லை. ஏழெட்டு வயதுவரை பிரஷ்ஷைப் பெற்றவர்கள் பிடிப்பதுதான் நல்லது. ஊருக்கு வரும்போது பிரஷ்ஷை மறந்து வந்தவர்கள் பக்கத்துக் கடையில் புதிதாக வாங்கட்டும். அண்ணன் பிரஷ்ஷைத் தம்பிக்குக் கொடுக்க வேண்டாம். வேப்பங்குச்சி நல்லது, யார் இல்லை என்றார்கள்? நுனியை நன்றாகக் கடித்துத் தூரிகையாக்கி மெதுவாகத் தேய்க்க வேண்டும். அடுப்புக்கரியும் செங்கல் பொடியும் மட்டும் வேண்டாம், எனாமலையே அராவி எடுத்துவிடும்.

கரியும் செங்கல் பொடியும் எதற்காகத் தேய்க்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். காவிப் பல்லை வெளுக்கத்தான். தை பிறந்தால் கல்யாணப் பேச்சு. பெண் பார்க்க வருகிறார்கள் என்றதும் பல்லைப் போட்டுத் தேய்க்கிற பெண்கள் இந்த மாவட்டத்தில் எத்தனையோ பேர். சிரிக்கும்போது கையால் வாயை மூடிக்கொள்கிற பழக்கம் நம் பிள்ளைகளுக்கு எங்கிருந்து வந்தது என்று யோசித்தீர்களா? அது வெட்கம் அல்ல. அந்தக் கறை அழுக்கும் அல்ல, தேய்த்தால் போகாது. பல் ஈறுக்குள் உருவாகிக்கொண்டிருந்த காலத்திலேயே உள்ளே பதிந்த கறை அது.

பிறகு சொல்கிறேன் என்ற தண்ணீர்க் கதை இங்கேதான் வருகிறது. அமெரிக்காவில் கொலராடோ ஸ்பிரிங்ஸ் என்றொரு மலையூர். 1901-இல் ஃபிரெடரிக் மெக்கே என்ற இளம் பல் மருத்துவர் அங்கே தொழில் தொடங்கப் போனார். ஊரில் பிறந்து வளர்ந்தவர்களுக்கெல்லாம் பல்லில் பழுப்புக் கறை. வெளியூரிலிருந்து பெரியவர்களாகி வந்தவர்களுக்குக் கிடையாது. தண்ணீரில்தான் எதுவோ இருக்கிறது என்று சந்தேகப்பட்டு முப்பது ஆண்டு அலைந்தார். 1931-இல் ஒரு அலுமினிய நிறுவனத்தின் வேதியியலாளர் சர்ச்சில் என்பவர் தண்ணீரைச் சோதித்து, அது ஃப்ளோரைடு என்று கண்டுபிடித்தார். நம் பக்கத்தில் 1937-இல், கிண்டி கிங் நிறுவனத்தைச் சேர்ந்த ஷார்ட்டும் அவருடன் வேலை செய்தவர்களும், அன்றைய சென்னை மாகாணத்தின் நெல்லூர் மாவட்டத்தில் இதே நோயைக் கண்டு எழுதினார்கள். அங்கே பல்லோடு நிற்கவில்லை. முதுகெலும்பு இறுகி, குனிய முடியாமல் போனவர்களைப் பார்த்தார்கள்.

தருமபுரியின் பாறைகளிலும் ஃப்ளோரைடு கலந்த கனிமங்கள் இருக்கின்றன. ஆழ்குழாயில் நெடுங்காலம் பாறையோடு கிடந்த தண்ணீரில் அது கரைந்து வருகிறது. குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராம்வரை இருக்கலாம், வேறு வழியே இல்லையென்றால் 1.5 மில்லிகிராம்வரை பொறுக்கலாம் என்பது இந்தியத் தர நிர்ணயம். நம் கிணறுகள் பல இந்த அளவைத் தாண்டியவை. அதற்காகத்தான் ஒகேனக்கல்லிலிருந்து காவிரித் தண்ணீரைக் குழாயில் கொண்டுவந்தார்கள். ஜப்பானியக் கடனோடு ஏறத்தாழ 1,900 கோடி ரூபாய்த் திட்டம், 2008-இல் அடிக்கல், 2013-இல் தொடக்கம். அந்த 2008-இல் கர்நாடகத்தில் எதிர்ப்பு கிளம்பியதும், சென்னையில் நடிகர்கள் உண்ணாவிரதம் இருந்ததும் பெரியவர்களுக்கு நினைவிருக்கும். ஆற்று நீர் உரிமைக்கான சண்டை என்றுதான் பத்திரிகைகள் எழுதின. திட்டத்தின் பெயரிலேயே ஃப்ளோரோசிஸ் தணிப்பு, அதாவது இந்த ஃப்ளோரைடு நோயைத் தணிப்பது, என்று இருந்ததை எத்தனை பேர் கவனித்தார்கள்? உங்கள் வீட்டுப் பெண் கையால் வாயை மூடாமல் சிரிக்க வேண்டும் என்பதும் அந்தச் சண்டைக்குள் இருந்தது.

கறை விழுவது எட்டு வயதுக்குள்தான். அதற்குள் நிலைப்பற்களின் எனாமல் உருவாகி முடிந்துவிடும், ஞானப்பல்லைத் தவிர. ஆகவே கைக்குழந்தையும் சின்னப் பிள்ளையும் இருக்கிற வீட்டில் எந்தத் தண்ணீர் குடிக்கிறார்கள், எந்தத் தண்ணீரில் சோறு ஆக்குகிறார்கள் என்பது பெரிய விஷயம். பொங்கல் சமயத்தில் விருந்தாளிகள் கூடி, பிடித்து வைத்த குழாய்த் தண்ணீர் தீர்ந்ததும் போர் தண்ணீரைக் கொதிக்க வைத்துக் கொடுக்கிறோம். கொதித்தால் கிருமி சாகும், ஃப்ளோரைடு போகாது. தண்ணீர் சுண்டினால் அதன் அடர்த்தி கூடத்தான் செய்யும். நாலு நாளில் ஒன்றும் ஆகிவிடாது, பயப்பட வேண்டாம். ஆனால் குடிக்கவும் சமைக்கவும் ஒகேனக்கல் தண்ணீரை ஒதுக்கிவிட்டு, குளிக்க, துவைக்கப் போர் தண்ணீரை எடுங்கள். திருவிழா முடிந்தும் அதுவே பழக்கமாக இருக்கட்டும்.

"ஃப்ளோரைடால்தானே பல் கெட்டது, பேஸ்ட்டிலும் அதுவே இருக்கிறதே, வேண்டாம் ஐயா" என்கிறார்கள். நியாயமான கேள்வி. மெக்கே இன்னொன்றையும் கவனித்தார். கறை படிந்த அந்தப் பற்களில் சொத்தை குறைவாக இருந்தது. அதைப் பிடித்துக்கொண்டுதான் 1945-இல் கிராண்ட் ராப்பிட்ஸ் என்ற அமெரிக்க நகரம் தன் குடிநீரில் லிட்டருக்குச் சுமார் 1 மில்லிகிராம் ஃப்ளோரைடை வேண்டுமென்றே கலக்கத் தொடங்கியது. அவர்கள் கோடிக்கணக்கில் செலவழித்துச் சேர்க்கிறார்கள், நாம் கோடிக்கணக்கில் செலவழித்து விலக்குகிறோம். அளவுக்கு மீறி விழுங்கிய ஃப்ளோரைடு உருவாகிற பல்லைக் கெடுக்கும், முளைத்த பல்லின்மேல் படுகிற ஃப்ளோரைடு அமிலத்தைத் தாங்கும் வலுவைக் கொடுக்கும். எனவே ஃப்ளோரைடு பேஸ்ட் போடுங்கள், ஆனால் விளம்பரத்தில் காட்டுகிற மாதிரி பிரஷ் நீளத்துக்குப் பிதுக்காதீர்கள். மூன்று வயதுக்குள் ஒரு அரிசி அளவு, ஆறு வயதுவரை ஒரு பட்டாணி அளவு, துப்பக் கற்றுக்கொடுங்கள். ஏற்கெனவே விழுந்த கறைக்குப் பல் மருத்துவரிடம் வழி இருக்கிறது, லேசானதாக இருந்தால் செலவும் குறைவு. கல்யாணத்துக்கு முதல் வாரம் வராமல் ஆறு மாதம் முன்னால் வாருங்கள்.

இடையில் ஒரு செய்தி. புளி சாப்பிடுகிறவர்களுக்குச் சிறுநீரில் ஃப்ளோரைடு கூடுதலாக வெளியேறுகிறது என்று ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் ஆய்வாளர்கள் 2002-இல் சிறுவர்களை வைத்துப் பார்த்து எழுதினார்கள். சாலையெல்லாம் புளியமரம் நிற்கிற ஊருக்கு நல்ல சேதிதான். புளிக்குழம்பு ஊற்றிச் சாப்பிடுங்கள். பச்சைப் புளியை வாயில் அடக்கிக்கொண்டு திரிந்தால் மட்டும் அந்தப் புளிப்பே பல்லை அரிக்கும்.

இனி விபத்து. விடுமுறை என்றால் கிரிக்கெட், மரமேறுதல், மூன்று பேர் உட்கார்ந்த பைக், நம் பக்கம் எருது விடுவதும் உண்டு. முன்பல் அப்படியே வேரோடு விழுந்துவிட்டால் என்ன செய்வது? முதலில் பல்லைத் தேடுங்கள். வெள்ளையாகத் தெரிகிற தலைப்பகுதியைப் பிடியுங்கள், வேரைத் தொடாதீர்கள், சுரண்டாதீர்கள், துணியால் துடைக்காதீர்கள். மண் ஒட்டியிருந்தால் பாலிலோ நல்ல தண்ணீரிலோ ஒரு நொடி அலசி, விழுந்த குழியிலேயே திருப்பிச் செருகி, சுத்தமான துணியைக் கடிக்கச் சொல்லி மருத்துவரிடம் ஓடுங்கள். செருகக் கை வரவில்லையா? காய்ச்சாத பாலோ ஆறின பாலோ ஒரு டம்ளரில் ஊற்றி அதில் போட்டுக் கொண்டுவாருங்கள். அரை மணி நேரத்துக்குள் வைத்தால் அந்தப் பல் பிழைக்க நல்ல வாய்ப்பு உண்டு. பால் பல் விழுந்தால் திரும்ப வைக்கக் கூடாது, அதைச் சாணியில் உருட்டிக் கூரைமேல் எறிவது உங்கள் வழக்கம். நிலைப்பல்லை எறிந்துவிட்டு வராதீர்கள், அவ்வளவுதான் வேண்டுவது.

பல் வலிக்கு ராத்திரி பன்னிரண்டு மணிக்குக் கிராம்பு வைப்பது தவறில்லை, கொஞ்ச நேரம் மரத்துப்போகும். மாத்திரையைப் பொடி செய்து ஈறில் வைக்காதீர்கள், சதை வெந்துவிடும். மெடிக்கலில் கேட்டு வாங்கிய ஆன்டிபயாடிக்கில் இரண்டை மட்டும் போட்டுவிட்டு நிறுத்துவதும் வேண்டாம். வெளியே கன்னத்தில் வெந்நீர் ஒத்தடமும் வேண்டாம். தாடைக்கடியில் வீக்கம் பரவி, வாய் திறக்க முடியாமல், எச்சில் விழுங்கக் கஷ்டமானால் அது பல் வலி அல்ல. மாட்டுப் பொங்கல் முடியட்டும் என்று நிற்காமல் அன்றே 108-க்குச் சொல்லி அரூர் அல்லது தருமபுரி அரசு மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும், சர்க்கரை நோய் இருப்பவர்கள் இன்னும் சீக்கிரமாக. இப்போதே லேசாகக் கூசுகிற பல் இருந்தால் போகிக்கு முன்பே காட்டிவிடுங்கள். பண்டிகை நாளில் எங்களுக்கும் வீட்டில் பொங்கல்தான்.

(உரை முடிந்ததும் முன்வரிசையிலிருந்த பெரியவர் ஒருவர் எழுந்து, "செட் பல் கட்டியிருக்கேன். நான் கரும்பு தின்னலாமா, கூடாதா? அதைச் சொல்லவே இல்லையே" என்று கேட்டார். மருத்துவரின் பதில்:)

தின்னலாமுங்க ஐயா, கடிக்க வேண்டாம். முன்பக்கம் வைத்துக் கடித்து இழுத்தால் செட் தூக்கிக்கொண்டு வரும். கரும்பைச் சீவி, சுண்டுவிரல் கனத்தில் நறுக்கித் தரப் பேத்தியிடம் சொல்லுங்கள், இரண்டு பக்கமும் வைத்து மெதுவாக மெல்லுங்கள். கழற்றிக் கழுவும்போது கீழே ஒரு பாத்திரத்தில் தண்ணீர் வைத்துக்கொள்ளுங்கள், கை வழுக்கி விழுந்தாலும் உடையாது. சோப்பும் பிரஷ்ஷும் போதும். பொங்கல் அன்று அடுப்பில் இருக்கிற வெந்நீரை மட்டும் ஊற்றிவிடாதீர்கள், வளைந்துபோய் அப்புறம் வாயில் உட்காராது. ராத்திரி கழற்றித் தண்ணீரில் போட்டு வையுங்கள். வீட்டில் பேரப்பிள்ளைகள் வந்திருப்பார்கள் இல்லையா, டம்ளர் வேண்டாம், மூடி போட்ட டப்பாவாகப் பார்த்து எடுத்துக்கொள்ளுங்கள்.